கடலுக்கு அப்பால் ஒரு தலைப்பிரசவம்

மகளே,

சென்ற கப்பலில் வந்த உன் கடிதத்தை உன் அப்பா உரக்கப் படிக்க, நான் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். நீ உண்டாகியிருக்கும் செய்தி முன்பே தெரியும். வாந்தி நின்றுவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறேன் என்ற வரிகள் வந்தபோது இருவரும் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொன்னோம். அடுத்த பக்கத்தில்தான் நீ கேட்க நினைத்ததைக் கேட்டிருந்தாய். தலைப்பிரசவத்துக்குப் புதுச்சேரிக்கு வர மனம் வரவில்லை, சைகோனிலேயே பெற்றுக்கொள்ள உத்தரவு தர வேண்டும், அம்மா மனம் நோகக் கூடாது என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளைக்கு இப்போதைக்கு விடுப்புக் கிடைக்காது என்பதையும், நீ மட்டும் கப்பலேறி வந்தால் பிள்ளை ஓடியாடித் திரியும் பருவத்தில்தான் தகப்பன் முகத்தைப் பார்க்கும் என்பதையும் காரணமாகச் சொல்லியிருந்தாய். உன் அப்பா கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீயே பதில் எழுது. இது உங்க ரெண்டு பேரு விஷயம்" என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குடை எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

என் மனம் நோகவில்லை என்று எழுதினால் அது உண்மையாகாது. உனக்கென்று உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. பிரசவ மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும் வாங்கி வெயிலில் காயவைத்திருந்தேன். பெண்ணைப் பெற்ற ஒருத்திக்கு அவள் கலியாணத்தைவிடப் பெரிய நாள், அவள் தன் முதற்பிள்ளையைப் பெறுவதற்குத் தன் வீட்டு வாசற்படியில் வந்து இறங்கும் நாள்தான். அந்த நாளை என்னிடம் கேளாமலே நீ கடலில் போட்டுவிட்டதாக முதலில் தோன்றியது. கேட்டுத்தானே எழுதியிருக்கிறாய் என்பது அப்புறம்தான் புத்தியில் பட்டது. ஆகையால் உடனே பேனாவை எடுக்காமல், பூசைக்குப் போய்வந்து, மனம் தெளிந்த பின் எழுதுகிறேன். சைகோனுக்குப் பெண் கொடுக்காத தெரு இந்த ஊரில் இல்லை. உன்னைப் போன்ற மகளைக் கடல் கடந்து அனுப்பியிருக்கும் தாய்மார் இதைப் படிக்க நேர்ந்தால் படிக்கட்டும். ஒளிக்க வேண்டியது இதில் ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தில் என்னைச் சிரிக்க வைத்த பகுதி ஒன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நம் பக்கத்துப் பெண்கள் எல்லாரும், காரைக்காலிலிருந்து வந்து அங்கே குடியிருப்பதால் நீங்கள் காரைக்கால் அம்மாள் என்று அழைப்பவள் வீட்டுப் பின்கட்டில் கூடி, பிள்ளைகளை ஒரு பாயில் உருட்டிவிட்டு, ஊரில் என்ன உண்டு, இங்கே என்ன இல்லை என்று கணக்குத் தீர்ப்பதாக எழுதியிருந்தாய். வீட்டுக்குள்ளேயே குழாயில் தண்ணீர் வருகிறது, ஆனால் அரிசி குழைகிறது. தேங்காய்க்குக் குறைவில்லை, நல்லெண்ணெய்தான் அகப்படவில்லை. மீன் நன்றாயிருக்கிறது, அம்மியில் அரைத்த மசாலை இல்லாமல் அது மீனாக இல்லை. "இங்க மாமியார் இல்ல, அதுவே பாதி மோட்சம்டி" என்று ஒருத்தி சொன்னதற்குக் காரைக்கால் அம்மாள், "ராத்திரி புள்ளைக்கு ஜுரம் வந்து தூக்கிக்க ஆளில்லாம நின்னு பாரு, மீதிப் பாதி என்னான்னு தெரியும்" என்று பதில் சொன்னாளாமே. அதைப் படித்தபோது உன் அப்பாவும் சிரித்தார்.

இந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன், மகளே. நீ பிறப்பதற்கு முன்பு, இதே புதுச்சேரியில், வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு மாடி வீட்டில், வெள்ளைக்காரத் தாய்மார் வாயால் கேட்டேன். அதைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன். உனக்கு நான் தர வேண்டிய விடை அந்த வீட்டிலிருந்துதான் எனக்குக் கிடைத்தது.

அப்போது எனக்குக் கலியாணமாகிச் சில வருஷங்கள் இருக்கும். கன்னியர் மடத்துத் தையற்கூடத்தில் பூவேலை செய்துகொண்டிருந்தேன். மடத்துப் பள்ளியில் கற்ற பிரெஞ்சு எனக்கு இருந்ததால், லூசி மதாம் என்ற இளம்பெண்ணின் வீட்டுக்குக் குழந்தைத் துணி தைத்துக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். அவள் கணவர் பள்ளியில் வாத்தியார். வந்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அவளுக்கும் அது தலைப்பிரசவம். பிற்பகலில் நான் சன்னலோரம் உட்கார்ந்து தைப்பேன். அவளுடைய சிநேகிதிகளான மற்ற மதாம்கள் வந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு பேசுவார்கள். வெண்ணெய் இந்த ஊர் வெயிலில் எண்ணெயாகிவிடுகிறது என்று ஒருத்தி. ரொட்டி மாவு காலையில் பிசைந்தால் மத்தியானத்துக்குள் புளித்துவிடுகிறது என்று இன்னொருத்தி. என் பிள்ளை வேலைக்காரியோடு தமிழில்தான் சண்டை போடுகிறான், அவன் பாட்டனாரிடம் எந்த மொழியில் பேசுவான் என்று மூன்றாமவளுக்குக் கவலை. ஊரில் இருந்தபோது நானே கை வெடிக்கத் துணி துவைத்தேன், இங்கே அதற்கென்று தனியாக ஓர் ஆள் இருக்கிறான் என்று ஒருத்தி பெருமையாகச் சொன்னபோது, லூசி மதாம் தலை நிமிராமல் மெதுவாக ஒன்று சொன்னாள்: நீங்கள் துணி துவைத்த நாளில் உங்கள் அம்மா அடுத்த தெருவில் இருந்தார்கள் அல்லவா. தையலூசி என் விரலில் ஏறியதை நான் அப்புறம்தான் உணர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். என் அக்காள் அப்போது எங்களுடன்தான் இருந்தாள். அவள் வாயும் மனமும் எவ்வளவு வேகமானவை என்பது உனக்குத் தெரியும். "ஏழு மாசம் ஆவுதுன்றே. பொறந்த வூட்டுலேருந்து ஒரு ஈ காக்கா வரலியா?" என்றாள். வரவில்லை என்றேன். "வளையல் அடுக்கலியா? பூ முடிக்கலியா? கூட்டிட்டுப் போவ அண்ணன் தம்பி ஒருத்தனும் வரலியா?" அதற்கும் இல்லை என்றேன். அக்காள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அப்போ பெத்தவ கைகழுவிட்டாடி. இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டு ஓடியாந்துட்டாளோ என்னவோ. பாவம், வயித்துப் புள்ளைக்காரிய இப்பிடி வுடலாமா?" நானும் அதை நம்பினேன். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைக்காத தாய் ஒருத்தி உலகத்தில் இருக்க முடியும் என்பது எங்களுக்குத் தெரியாது. அழைக்கவில்லை என்றால் அது கோபத்தால்தான் இருக்க முடியும்.

ஆகவே அந்தக் குறையை நாங்கள் தீர்த்துவைப்பது என்று தீர்மானமாயிற்று. வளையல்காரரைக் கூட்டிக்கொண்டு, தட்டில் பூவும் சந்தனமும் வைத்து, அக்கம்பக்கத்துச் சுமங்கலிகள் சிலரோடு பெரியம்மா முன்னால் நடக்க, நாங்கள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போனோம். காவல்காரன் வாயைப் பிளந்துகொண்டு வழி விட்டான். லூசி மதாம் எங்களைக் கண்டு திகைத்தாள். ஆனால் நல்ல மனத்தவள், எல்லாரையும் உட்காரச் சொன்னாள். சமையற்காரனை ஏவி ஏவி அவள் கற்றிருந்த தமிழ் அது. "உக்காரு! எல்லாம் உக்காரு! தண்ணி கொண்டா!" என்று எங்களையே அதட்டினாள். பெரியம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சரிங்க எசமான்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். வளையல்காரர் மதாமின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு கெட்டிம்மா. வெண்ணெ தின்ன எலும்பு. பெரிய சைசுதான் ஏறும்" என்றார். சோப்பு நுரை தடவி, கட்டைவிரலை மடக்கி, அவர் ஒவ்வொன்றாக ஏற்ற ஏற்ற, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பச்சையும் சிவப்புமாக இரு கைகளும் நிறைந்தன. பெரியம்மா சந்தனத்தைக் கன்னத்தில் பூசி, பொன்னிறக் கூந்தலில் எப்படியோ பூவை முடிந்துவிட்டு, "கவலப்படாதம்மா. பெத்தவ கோவம் புள்ள மொகம் பாத்தா போயிடும். அதுவரைக்கும் நாங்க இருக்கோம்" என்றாள். இதை நான் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். சொன்னேன்.

மதாமுக்கு முதலில் விளங்கவில்லை. என்ன கோபம், யாருக்கு என்று கேட்டாள். நான் நம் வழக்கத்தை விவரித்தேன். மகள் முதற்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவாள், அதற்கு முன் வளையல் அடுக்கி அழைத்துப் போவார்கள், உங்களை யாரும் அழைக்க வராததால் உங்கள் தாயார் மனத்தாங்கலில் இருப்பதாக நினைத்தோம் என்றேன். அவள் கண்கள் விரிந்தன. அப்படி ஒரு வழக்கம் எங்கள் நாட்டில் இல்லை, என் அம்மாவுக்கு என்மீது ஒரு கோபமும் இல்லை, கப்பலேற முடியாத உடம்பு, அவ்வளவுதான் என்றாள். நாங்கள் எழுந்திருக்கப் பார்த்தோம். வளையல்காரர்கூடக் கூடையை மூடினார். ஆனால் அவள் கோபிக்கவில்லை. வளையல் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து வெண்ணெயைக் கேட்டார்கள், ரொட்டியைக் கேட்டார்கள், கொசுவலை போதுமா என்று கேட்டார்கள், உன் அம்மா எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை, நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள் என்றாள். பெரியம்மா நான் மொழிபெயர்க்கும்வரை காத்திருக்கவில்லை. எழுந்து போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

சித்திரை வெயிலில் அவளுக்கு வலி கண்டது. மடத்துச் சகோதரி ஒருவர் பிரசவம் பார்க்க வந்தார். மதாம்கள் சன்னலைச் சாத்து என்றார்கள், பெரியம்மா திற என்றாள். அவர்கள் கோழிச்சாறு கொடு என்றார்கள், இவள் கஷாயம் கொடு என்றாள். இறுதியில் சகோதரி எல்லாரையும் வெளியே தள்ளினார். ஆனால் பெரியம்மாவை மட்டும் தள்ள முடியவில்லை, ஏனென்றால் லூசி மதாம் அவள் கையை விடவில்லை. வலி முற்றிய வேளையில் அந்தப் பெண் தன் தாயைத் தன் மொழியில் கூவி அழைத்தாள். என் அக்காளுக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. யாரைக் கூப்பிடுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு கூவலுக்கும் அவள் பதில் சொன்னாள்: "இருக்கேம்மா. இங்கதான் இருக்கேன். எங்கயும் போவல." பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. கதவுக்கு வெளியே நின்ற மதாம்கள் எங்கள் கைகளைப் பற்றிக்கொண்டு அழுதார்கள். எங்களில் யார் எந்த நாட்டவர் என்பது அந்த வேளையில் எவருக்கும் நினைவில்லை. அந்தக் குடும்பம் பின்பு தன் நாட்டுக்குத் திரும்பிப் போயிற்று; அந்தத் தாயும் மகளும் எங்கிருந்தாலும் நலமாயிருக்க இன்றும் வேண்டிக்கொள்கிறேன். எனக்கு அவர்கள் செய்த நன்மை பெரிது. ஒரு பெண் கூப்பிடும்போது பக்கத்தில் நிற்பவள் விடை சொன்னால் போதும், அந்த நேரத்துக்கு அவள்தான் தாய் என்பதை என் கண்ணால் காணச் செய்தார்கள்.

என் தகப்பனார் கோயில் உபதேசியாராக இருந்தபடியால், வேத சரித்திரத்தோடு பழந்தமிழ்ப் பாட்டும் எனக்குச் சொல்லித் தந்தார். அகப்பாட்டில் தலைவிக்குத் தாய்மார் இருவர் என்று அவர் அடிக்கடி சொல்வார். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. மகள் கணவனோடு வேற்றூரில் மனையறம் நடத்தும்போது அவளைப் போய்ப் பார்த்து வருபவள் செவிலிதான். நற்றாய் வீட்டிலேயே இருந்து, செவிலி வந்து சொல்லும் செய்தியைக் கேட்டு மகிழ்வாள். சிறுமியாக இருந்தபோது, பெற்றவளை ஏன் போக விடவில்லை, இது என்ன அநியாயம் என்று அவரிடம் கேட்டேன். "பெரிய பொம்பளயானா புரியும்" என்று சொல்லிவிட்டார். இப்போது ஒருவாறு புரிகிறது. பெற்றவளின் அன்பு மகளைத் தன்னிடத்தில் வைத்துக்கொள்ளப் பார்க்கும். செவிலியின் அன்பு மகள் இருக்கும் இடத்துக்குத் தான் போகும். மகளுக்கு இரண்டும் வேண்டும்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தும் உனக்குச் சம்மதம் எழுதப் பேனா ஓடவில்லை. உன் மாமியார் இருக்கிறார்களே! உன் கடிதச் செய்தி அரியாங்குப்பம் எட்டியதும், ஆற்றைத் தாண்டி, புஸ்புஸ் வண்டியில் வந்து வாசலில் இறங்கினார்கள். வண்டியைத் தள்ளி வந்தவனுக்கு மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு, உட்காருவதற்கு முன்பே தொடங்கினார்கள்.

"என்னா சம்பந்தி இது? தலைப்பிரசவம் சீமையிலயா? நம்ம சாதி சனத்துல எங்கனா உண்டா?"

"சீமை இல்லைங்க சம்பந்தி, சைகோன். உங்க மகன் இருக்கற ஊர்தானே" என்றேன்.

"எம்மவன் என்னாத்தக் கண்டான்? அவனுக்குத் தண்ணி வெக்கத் தெரியுமா, மருந்து கிளறத் தெரியுமா? அங்க பக்கத்து வூட்டுக் கெழவி, பெத்தவ கட்டிலுக்கு அடியில நெருப்பு வெப்பேன்றாளாமே! கருவாடா சுடறா?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எனக்குத் தெரிந்த பெரிய நியாயத்தை எடுத்தேன். "தேவமாதாவுக்கே தலைப்பிரசவம் தாய்வீட்டுல ஆகலைங்களே. பெத்லேம்ல, மாட்டுக்கொட்டில்லதானே ஆச்சு."

உன் மாமியார் சற்றும் அசரவில்லை. "மாதாவுக்குச் சூசையப்பரு தச்சு வேல தெரிஞ்சவரு, தொட்டி செஞ்சு குடுத்தாரு. வானத்துலேருந்து சம்மனசுங்க எறங்கிப் பாடுச்சிங்க. எம் மருமவளுக்கு யாரு பாடுவா? காரைக்கால்காரியா?"

உள்ளே இருந்த உன் அப்பா இருமுவதுபோல் சிரித்தது எங்கள் இருவருக்கும் கேட்டது. அதன் பிறகுதான் அவர்கள் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்கள். "கோச்சிக்காதீங்க. நான் எனக்காகப் பேசல. பொண்ணு வரலைன்னா ஊரு யாரப் பேசும்? உங்களத்தான் பேசும். தலைப்பிரசவம் பாக்க முடியாம அங்கயே தள்ளிட்டாங்கன்னு கோயில் வாசல்லயே சொல்லுவாளுங்க. இத்தினி வருஷம் கட்டிக் காத்த பேரு போயிடும்."

நான் அஞ்சியதும் அதற்குத்தான், மகளே. பேருக்கு அஞ்சுவது பெரிய பாவமன்று. ஆனால் உன் உடம்புக்கு எது நல்லது, உன் பிள்ளைக்கு எது நல்லது என்று யோசிக்க வேண்டிய இடத்தில் அது முன்னால் வந்து குந்திக்கொள்கிறது. அதை அவர்களிடம் நேராகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. உன் கடிதத்திலிருந்த காரணத்தை மட்டும் சொன்னேன். இவள் இங்கே வந்துவிட்டால் பிள்ளை நடந்து பேசும் காலத்தில்தான் அப்பன் முகத்தைக் காணும் என்றேன்.

உன் மாமியார் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்கள். மடித்த கை அப்படியே நின்றது. பிறகு சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"எங்க வூட்டுக்காரரும் அந்தப் பக்கம்தான் பட்டாளத்துல சொல்தாவா இருந்தாரு. நான் மாசமானதும் என்னை ஊருக்கு அனுப்பிட்டாரு. எங்கம்மா வூட்டுலதான் இவனப் பெத்தேன், ராணி மாதிரி பாத்துக்கிட்டாங்க, ஒரு கொறையும் இல்ல. அவரு திரும்பி வந்தப்போ இவன் நல்லா பேசறான். பொட்டியத் தூக்கிட்டு வாசல்ல வந்து நிக்கறாரு, கைய நீட்டி வாடான்றாரு. இவன் ஓடியாந்து எம் பொடவைக்குள்ள பூந்துக்கிட்டு, 'யாரும்மா அந்த ஆளு, போவச் சொல்லு'ன்னு கத்தறான். அவரு பொட்டிய கீழ வெச்சிட்டு அப்படியே நின்னாரு சம்பந்தி. அதுக்கப்புறம் தூக்கினாரு, மிட்டாய் வாங்கிக் குடுத்தாரு, எல்லாம் செஞ்சாரு. சாகற வரைக்கும் ரெண்டு பேருக்கும் ஒரு அடி எடவெளி இருந்துக்கிட்டேதான் இருந்துது."

நம் மாப்பிள்ளையின் சிறுவயதைப் பற்றி இதை நான் அதுவரை கேட்டதில்லை. நீயும் கேட்டிருக்க மாட்டாய். ஊருக்குப் போய்விட்டு வா என்று உன்னை அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாயே, அதன் காரணம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

உன் மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். "அவ அங்கயே பெத்துக்கட்டும். ஊரு வாய நான் பாத்துக்கறேன். எவளாச்சும் கேட்டா, தாய் வூட்டுல கூப்பிட்டாங்க, நான்தான் அனுப்ப மாட்டேன்னு நின்னுட்டேன்னு சொல்லிடறேன். மாமியாக்காரி கொடுமைன்னா ஊரு ஒடனே நம்பிடும், மேல கேள்வி கேக்காது." என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, கோயில் வாசலில் ஒரு பெண் என்னிடம் வந்து, "உங்க சம்பந்தி ரொம்பக் கல்நெஞ்சுக்காரி போலிருக்கே" என்று இரங்கினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மாதா சுரூபத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்று நான் ஜெபமாலை சொல்லும்போது முதலில் வருவது உன் மாமியார் பெயர். தங்கள் பேரைக் கெடுத்துக்கொண்டு என் பேரைக் காத்தவர்களுக்கு வேறு என்ன செய்வேன்! அவர்களுக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுது. இதை நான் உனக்குச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அன்பாக எழுது, அது போதும்.

ஆகையால் உன் கேள்விக்கு என் விடை இது. நீ வர வேண்டாம். உன் கணவர் இருக்கும் ஊரில், அவர் கதவுக்கு வெளியே தவித்துக்கொண்டு நிற்க, உன் பிள்ளையைப் பெற்றுக்கொள். பிறந்த அன்றே அவர் கையில் கொடு. முழு மனத்தோடுதான் உத்தரவு தருகிறேன். உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று எழுதவில்லை.

நான் வரலாமென்றால் முழங்கால் இடம் கொடுக்கவில்லை, கப்பல் ஏணியை நினைத்தாலே நடுங்குகிறது. அதனால் தூரத்திலிருந்து சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். மருந்தைக் கிளறி டப்பாவில் அடைத்து அடுத்த கப்பலில் அனுப்புகிறேன். உன் மாமியார் பூண்டு அனுப்புவார்கள். ஆனால் எங்கள் மருந்துதான் மருந்து என்று பிடிவாதம் செய்யாதே. பத்தியம் என்று தாகத்தை அடக்காதே. நாங்கள் அடக்கினோம், அது தேவையில்லை என்று இன்று டாக்டர் சொல்கிறார். காரைக்கால் அம்மாள் ஒன்று சொல்வாள், ஆஸ்பத்திரிச் சகோதரி ஒன்று சொல்வார், உன் பக்கத்து வீட்டு அன்னாமியக் கிழவி, அந்த ஊர்க்காரி, தன் வழக்கப்படி ஒன்று செய்வாள். எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல உட்காராதே. எது இங்கே உண்டு, எது அங்கே இல்லை என்ற பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்கு நல்லது; பிரசவ நாளுக்கு உதவாது. வேத சரித்திரத்தில் அந்நிய நாட்டிலிருந்து பெத்லேமுக்கு வாழவந்த ரூத்தம்மாள் பிள்ளை பெற்றபோது, அவளைப் பெற்றவள் பக்கத்தில் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் கூடி மகிழ்ந்து பிள்ளைக்குப் பெயரிட்டார்கள். அந்த வமிசத்தில்தான் நம் ஆண்டவர் வந்து பிறந்தார் என்பதை மறவாதே.

பக்கத்து வீட்டுக் கிழவியின் கரி நெருப்புக்குப் பயப்படாதே. பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டும் என்பதில் அவர்களும் நாமும் ஒன்றுதான். நாம் வெந்நீரை ஊற்றுகிறோம், அவர்கள் கட்டிலுக்குக் கீழே கனல் வைக்கிறார்கள். சன்னலைத் திறந்து வைத்துக்கொள், கணப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. நீ வாந்தியெடுத்துக் கிடந்த நாட்களில் கஞ்சி காய்ச்சி வந்து, ஒரு சொல்லும் பேச வழியில்லாமல் உன் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் என்று எழுதினாயே, அவளுக்கு நான் கடன்பட்டவள். எனக்குப் பதிலாக அவளை அங்கே வைத்த சர்வேசுரனுக்கு நான் நாள்தோறும் நன்றி சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகி, நீ எழுந்து நடமாடத் தொடங்கியபின், பிள்ளை பெற்றவளுக்கு ஆசீர்வாதம் வாங்கக் கோயிலுக்குப் போவாய். எரியும் மெழுகுதிரியோடு நீ வாசலில் நிற்பாய், சுவாமியார் வந்து உன்னை உள்ளே அழைத்துப் போவார். நம் வீடுகளில் அன்று குழந்தையை ஏந்திக்கொண்டு மகளின் பின்னால் நடப்பது அவளைப் பெற்ற தாய். அந்த இடத்தில் நிற்பேன் என்று உன் கலியாண நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தை அந்தக் கிழவிக்குக் கொடு. அவள் நம் வேதத்தைச் சேர்ந்தவள் அல்லள் என்று எழுதியிருந்தாய்; எனக்குத் தெரியும், யோசித்துத்தான் சொல்கிறேன். பிள்ளையை அவள் கையில் கொடுத்து, உன் பின்னால் நடக்கச் சொல். யார் இவள் என்று சுவாமியார் கேட்டால், என் தாய்வீட்டார் என்று சொல்.

உன் அம்மா